ம. ஆண்டி

ஆகஸ்ட் 19, திங்கள்

மேலே மலையில் மழை. கோத்தகிரி லோடு பதினொரு மணிக்குத்தான் வந்து இறங்கியது. மூட்டை வாயில் நல்ல உருளைக்கிழங்கை அடுக்கிவிட்டு அடியில் பொடிக் கிழங்கைத் தள்ளியிருந்தான் ஒருவன். அவிழ்த்துத் தலைகீழாகக் கொட்டச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. இந்த மேட்டுப்பாளையத்தில் முப்பத்திரண்டு வருஷமாக மண்டி நடத்துகிறேன். மேலே இருப்பதை நான் பார்ப்பதே இல்லை, கை நேராக அடிக்குத்தான் போகும்.

நேற்று மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். துறையூர் பக்கம். அப்பா அழகேசன் சின்ன வெங்காய வியாபாரம், அம்மா செந்தாமரை. பையன் நவநீதன் கோயம்புத்தூரில் என் மகள் சிந்துஜா வேலை பார்க்கும் அதே பேங்கில் இருக்கிறான். இரண்டும் தங்களுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு, பெரியவர்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் விட்டன. நாங்கள் விசாரித்தோம், அவர்களும் விசாரித்தார்கள். ஒரே ஆட்கள்தான். ஜாதகமும் கூடியது. ஆவணி கடைசி ஞாயிறு, செப்டம்பர் 15, நிச்சயம்.

கோமதி செய்த கேசரியை அழகேசன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் பூர்வீகம் கேட்டார். பேச்சோடு பேச்சாக நானும் சில வார்த்தை சொன்னேன்.

இதுவரை எங்கேயும் எதுவும் இடிக்கவில்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை ஏலத்தின் நடுவில் அழகேசன் போன். மூன்று நாளாக வாய் நிறைய "சம்பந்தி, சம்பந்தி" என்றவர் இன்று "அண்ணே" என்றார். குரல் சரியில்லை.

"அண்ணே, தனியா இருக்கீங்களா?"

"சொல்லுங்க சம்பந்தி."

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே. நாம பங்காளிங்க."

வெளியே வந்து நின்றேன்.

"ஒங்க பூர்வீகம் மேலக்குறிச்சி, தாத்தாவோட அப்பா மருதமுத்துன்னு அன்னிக்கு சொன்னீங்கல்ல. அது எங்க குலதெய்வம் பச்சைநாச்சி இருக்குற ஊருண்ணே. ஒங்களுக்குக் குலதெய்வம் தெரியாம இருக்கே, நாமளே கண்டுபிடிச்சு நிச்சயத்தன்னிக்கு சொன்னா சந்தோசப்படுவீங்கன்னு போய்க் கேட்டேன். பங்காளிக் குடும்பத்தையெல்லாம் எழுதி வெச்சிருக்குற தலைக்கட்டு நோட்டுல இருக்கு. மருதமுத்து, இலங்கை போனவர். அவரும் எங்க தாத்தாவோட அப்பாவும் ஒரு வயித்துப் புள்ளைங்க."

"அதனால?"

"அதனாலயா? எம் மவனும் ஒங்க மவளும் அண்ணன் தங்கச்சிண்ணே! இத எப்படி நான் முடிப்பேன்? கோயில்ல கால் வைக்க முடியுமா?"

பங்காளி வீட்டில் பெண் எடுப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும், ஒரே கோயிலைக் கும்பிடுகிறவர்கள் கூடப் பிறந்தவர்கள்தான். இதில் பேரம் கிடையாது.

கோமதியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சிந்துஜாவிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. நவநீதன் சொல்லிவிட்டான். மத்தியானமே லீவு போட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் யோசித்தேன். நூறு வருஷமாக வராத பங்காளி, நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஏன் வருகிறான்? மைசூர்ப் பக்கத்துக் கிழங்குக்கு நம்ம ஊர்ச் செம்மண்ணைப் பூசி ஊட்டிக் கிழங்கென்று விற்பவர்களை நான் அறிவேன். நகத்தால் ஒரு கீறு கீறினால் தெரிந்துவிடும். இதிலும் யாரோ மண் பூசியிருக்கிறார்கள். யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஆள் தெரியும்.

லாபம் தயாளனுக்கு. கோமதியின் தம்பி. அவன் மகனுக்கு சிந்துஜாவைக் கேட்டு இரண்டு வருஷம் நடையாய் நடந்தவன். முறைப்பையன் வேறு. துறையூருக்கு மாதம் ஒரு தடவை பருத்தி வாங்கப் போகிறவனும் அவன்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தயாளன் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"மேலக்குறிச்சியில யார்கிட்ட என்ன சொன்ன?"

"மேலக்குறிச்சியா? அது எங்க இருக்கு மாமா?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. கல்யாணத்த நிறுத்திட்டு ஒம் மவனுக்குக் கட்டலாம்னு பாக்குறியா?"

அவன் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். தயாளன் சிரிக்க ஆரம்பித்தான். நிற்கவே இல்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் ஒரு படத்தைக் காட்டினான். அவன் மகனும் ஒரு பெண்ணும் பதிவு அலுவலக வாசலில் மாலையோடு நிற்கிறார்கள்.

"போன மாசம் மாமா. கேரளாப் பொண்ணு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாங்களே முழிச்சிக்கிட்டு இருக்கோம். நீங்க என்னடான்னா..."

"பொண்ணு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவன் மனைவி காப்பிகூடப் போடவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் கோமதிக்குப் போன் போய்விட்டது. "எந் தம்பிய திருடன்னு சொல்லியாச்சு. அடுத்தது என்னையா?" என்றாள். குளிக்கப் போய்விட்டேன். பேசினால் வளரும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அப்படியானால் அழகேசன். வேறு நல்ல இடம் வந்திருக்கும், கை கழுவ ஒரு சாக்கு வேண்டும். துறையூர் வெங்காயத் தரகர் ஒருவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். விசாரிக்கச் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏங்க, அந்த வீட்டுல எழவு விழுந்த மாதிரி இருக்குங்க. அந்தம்மா அழுதுக்கிட்டே கெடக்கு. பையன் அப்பாகூடப் பேச்ச விட்டுட்டான். அழகேசன் களத்துல வெங்காயத்தக் கொட்டி வெச்சுட்டு வெலை கேக்க வந்தவன்கிட்ட மூஞ்சி குடுக்கல. வேற எடம் கிடமெல்லாம் ஒன்னும் கெடையாதுங்க."

நல்ல வெங்காயத்தைக் களத்தில் போட்டுவிட்டு ஒரு வியாபாரி முகம் கொடுக்காமல் இருந்தால் அது நடிப்பில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சிந்துஜா காலையில் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. பேங்க்காரியின் குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு அவங்ககிட்ட நீங்க என்னப்பா சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"பூர்வீகம் கேட்டாரு. சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி குலதெய்வம் கேட்டப்ப பழனியாண்டவர்னு சொன்னீங்க."

"தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்புறம் ஏன் மருதமுத்து வந்தாரு?"

கேள்வி என்று வந்துவிட்டதால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். அழகேசன் தன் பக்கத்துப் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார். கோயிலில் முதல் மரியாதை, ஏழு தலைமுறைப் பேர், ஊரில் கல்லில் வெட்டியிருக்கிறது என்று. நான் இலங்கையிலிருந்து எட்டு வயதில் கப்பலில் வந்தவன். முதலில் சுமை தூக்கினேன், அப்புறம் லாரி வாங்கினேன், அப்புறம் மண்டி. எனக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அப்பா சுப்பையாவின் பழைய பாஸ்போர்ட்டும் அதற்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலும் பீரோவில் இருந்தன. எடுத்து நீட்டினேன். தகப்பன் பெயர் ம. ஆண்டி. பாட்டன் பெயர் மருதமுத்து. ஊர் மேலக்குறிச்சி, துறையூர் தாலுகா. "மருதமுத்துன்னா அந்தக் காலத்துல அந்த ஊர்ல பெரிய கை" என்று நானாக ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

அந்தத் தாளைத் தவிர மருதமுத்து யாரென்று எனக்குத் தெரியாது. அப்பா இருந்தவரை இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

சிந்துஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மண்ணு பூசுனது நீங்கதாம்ப்பா" என்றாள். மண்டிக்காரன் மகள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கீழ்க்கோத்தகிரியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் டிரைவரிடம் கேட்டேன்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய எங்கள் ஆட்களில் தாத்தாவைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு உண்டா? ஒருத்தர் இருக்கிறாராம். செல்லாயி. இலங்கையில் அட்டன் பக்கம், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு எதிர் லயத்தில் இருந்தவர்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நானும் வருவேன் என்று சிந்துஜா காரில் ஏறிக்கொண்டாள். மலையேறி இறங்கித் தேயிலைக்குள் ஒரு வரிசை வீடு. செல்லாயிக்கு எண்பத்து நாலு வயது. கண் கொஞ்சம் மங்கல். வாய் மங்கவில்லை.

"யாரு, சுப்பையா மவனா? மூக்கொழுகிக்கிட்டுத் திரிவியே, அந்த ரெத்தினமா? இப்ப காருல வர்றியா? நல்லாரு. பிஸ்கோத்து வாங்கியாந்தியா?"

வாங்கித்தான் போயிருந்தேன். எனக்கு என்ன பதில் வேண்டும் என்று காட்டிக்கொள்ளவில்லை. வேண்டாத பதிலையே நீட்டினேன். முகத்துக்காகப் பேசுகிறவர் என்றால் அதையே திருப்பிச் சொல்லுவார்.

"பெரியம்மா, எங்க தாத்தா ஆண்டியோட அப்பா மருதமுத்துதானே?"

"எவன் சொன்னான்?"

"பேப்பர்ல இருக்கு. ம. ஆண்டின்னு."

அவர் சிரித்த சிரிப்பில் பிஸ்கட் தூள் என் சட்டைமேல் விழுந்தது.

"அட பைத்தியக்காரா! அது கங்காணி பேருடா. மருதமுத்து கங்காணி. காலையில தப்படிச்சா பெரட்டுக்களத்துல போயி நிக்கணும். மருதமுத்து ஆளு ஒரு பக்கம், சின்னையா ஆளு ஒரு பக்கம். 'நீ யாரு பேரு?'ன்னு கணக்கப்பிள்ளை கேப்பாரு. 'மருதமுத்து பேரு'ம்போம். தோட்டத்துல நாலு ஆண்டி, அஞ்சு பழனி. எந்த ஆண்டின்னு தெரியணுமில்ல? அதுக்காகக் கங்காணி எழுத்தை முன்னால போடுவாரு. எங்க வீட்டுக்காரரும் 'ம'தான். ம. பழனி. அவங்கப்பன் பேரு சோலை."

"எல்லாருக்குமா?"

"எங்க ரெண்டு லயத்துலயும் சேத்து நாப்பது வீடு. நாப்பதும் ம. அம்புட்டையும் மருதமுத்து பெத்திருந்தா அந்த மனுசன் எப்ப கொழுந்து நிறுக்குறது?"

சிந்துஜா பத்து நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அப்ப மேலக்குறிச்சி?"

"இந்தியாவுக்குப் பாஸ்போட்டு எழுத வந்த ஐயா 'ம-ன்னா என்ன? ஊரு எது?'ன்னாரு. எவனுக்குத் தெரியும்? மருதமுத்துன்னோம். கங்காணி ஊரச் சொன்னோம். நாப்பது வீட்டுக்கும் ஒரே ஊரு, ஒரே பாட்டன். அந்த ஐயா நிமிந்துகூடப் பாக்கல."

மருமகளை விட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கணவரின் பாஸ்போர்ட்டையும் விண்ணப்ப நகலையும் எடுத்துத் தந்தார். ம. பழனி, மருதமுத்து, மேலக்குறிச்சி. அப்பாவின் தாளில் இருக்கும் அதே கையெழுத்து. சிந்துஜா அங்கேயே போனில் படம் எடுத்து நவநீதனுக்கு அனுப்பிவிட்டாள்.

நான் இன்னும் ஒன்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வர முடியாது.

"அப்ப தாத்தாவப் பெத்தவங்க யாரு பெரியம்மா?"

"எனக்கு எங்க தெரியும், நான் பொறக்கவே இல்ல. எங்க மாமியா சொல்லுவா. மருதமுத்து ஊருலேருந்து ஆளு கூட்டியாந்தப்ப ஒரு பொம்பளையும் நாலு வயசுப் புள்ளையும் வந்துச்சுங்க. கப்பலேத்துறதுக்கு முந்தி ஆளுகள அடைச்சு வெக்கிற மண்டபம் கேம்புல காய்ச்சல் கண்டு தாயி போயிட்டா. புள்ளைய இவன் தூக்கியாந்துட்டான். ஆண்டின்னு பேரு வெச்சதே கங்காணிதான்."

"அப்பன்காரன்?"

"அதான் சொல்றேனே, தாயும் புள்ளையுந்தான்."

"வேத்தாளா இருக்குமோ?"

"மருதமுத்து வேத்தாள சேக்க மாட்டான். வந்ததெல்லாம் அவங்க சாதிசனந்தான்."

அது போதும் என்று எழுந்தேன். கிழவிக்குப் பேச்சு கிடைத்துவிட்டது, நிறுத்தவில்லை. ஆண்டிக்குக் கங்காணி வீட்டில்தான் சாப்பாடாம். மற்ற பிள்ளைகளைத் தேயிலைக் காட்டுக்கு விரட்டுகிறவன் இவரை மட்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினானாம். "கங்காணி பொண்டாட்டிக்குத்தான் அந்தப் புள்ளைய கண்டா ஆகாது. சோத்த எட்டத் தள்ளி வெப்பா."

கார் கதவருகில் என் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னொன்னு இருக்கு. பொட்டப்புள்ள முன்னால சொல்ற பேச்சில்ல. தனியா ஒரு நாளைக்கு வா."

இறங்கும் வழியெல்லாம் சிந்துஜா போனில் பேசிக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

அழகேசன் கூப்பிட்டார். நவநீதன் தாள்களைக் காட்டியிருக்கிறான். "எனக்கு நம்பிக்கைதான். ஆனா பங்காளிங்க ஒத்துக்கணும். ஞாயித்துக்கிழமை கோயில்ல கூடுறாங்க. நீங்க வந்து கற்பூரம் கொளுத்தி, ஆண்டி மருதமுத்து ரத்தம் இல்லன்னு சொல்லிட்டா போதும்." அண்ணே என்றும் சொல்லவில்லை, சம்பந்தி என்றும் சொல்லவில்லை.

கோமதி வாசலில் கோலம் போட்டாள், இத்தனை நாளைக்கு அப்புறம்.

நான் மண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். நாலு வயதுப் பிள்ளை கொழுந்து பறிக்காது. ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைக்கும் தலைக்காசையும் வாங்கித் தராது. காரணம் இல்லாமல் எவனும் எவன் மூட்டையையும் கடலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போக மாட்டான். புருஷன் இல்லாமல் ஒருத்தி பிள்ளையோடு அவன் பின்னால் ஏன் கிளம்ப வேண்டும்? கட்டிய மனைவி ஒரு அநாதைப் பிள்ளைக்கு ஏன் சோற்றைத் தள்ளி வைக்க வேண்டும்?

லோடு வந்துவிட்டது.

செப்டம்பர் 4, புதன்

கீழ்க்கோத்தகிரிக்குத் தனியாகப் போகலாம் என்று கிளம்பினேன். பர்லியாறு வழியா, கோத்தகிரி ரோடா என்று டிரைவர் கேட்டான். வண்டியைக் கழுவப் போடச் சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கேரட் வரத்து அதிகம். பீட்ரூட் இல்லை. கோமதி கேட்டாள்: "எல்லாம் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க?" வயிறு சரியில்லை என்றேன். மோர் கொடுத்தாள். குடித்தேன்.

சாயங்காலம் சிந்துஜாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஒருவேளை நெசமாவே பங்காளியா இருந்தா என்ன பண்ணுவ?"

"அஞ்சு தலைமுறைப்பா. டாக்டர் கிட்டப் போனா சிரிப்பாங்க."

"டாக்டரக் கேக்கல. அவங்க வீட்டக் கேக்குறேன்."

யோசித்தாள். "நவநீதன் வருவான். அவங்கம்மா அப்பா வரமாட்டாங்க. அந்த மாதிரி எனக்கு வேண்டாம்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அந்தப் பாட்டி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

இன்னும் சொல்லவில்லைதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விடிகாலையில் கிளம்பி மேலக்குறிச்சி சேரும்போது பத்து மணி. ஊர் தள்ளி, மானாவாரிக் காட்டின் நடுவில் கோயில். சுற்றுச்சுவர் புதிதாய்க் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பச்சைநாச்சிக்கு உருவம் கிடையாது, மூன்று கல்தான். நான் எந்தக் கோயிலிலும் அதிக நேரம் நிற்கிறவன் இல்லை. இங்கே கொஞ்சம் நின்றேன்.

வேப்பமரத்தடியில் ஜமக்காளத்தில் பதினொரு பேர். தள்ளி, பெண்கள். அழகேசன் என்னைப் பார்த்து எழுந்தார், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டார். கோயில் பெரியதனக்காரர் எண்பதைத் தொட்டவர். தலைக்கட்டு நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"பாருங்க தம்பி. மருதமுத்து, இலங்கை. அவருக்கு அங்க ரெண்டும் பொண்ணு, வம்சம் நின்னு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். ஆனாலும் கீழ எடம் விட்டுத்தான் வெச்சிருக்கு. என்னிக்காவது யாராவது வந்தா எழுதணுமில்ல?"

மருதமுத்து என்ற பேருக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. மற்ற பேர்களுக்குக் கீழே எல்லாம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

"நீங்க அவரு கொள்ளுப்பேரன்னு ஒத்துக்கிட்டா," என்றார் அவர், "இன்னிக்கே எழுதிடலாம். தலைமூத்தவர் வழி. கும்பாபிஷேகத்துல மொத மரியாதை ஒங்களுக்குத்தான். கல்யாணம் நடக்காது, வாஸ்தவம். பொண்ணுக்கு வேற எடமா கெடைக்காது? வம்சம் கெடைக்குமா?"

சுற்றுச்சுவருக்கு யார் தருவார்கள் என்று அவர் மனதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் அந்தக் குரலில் ஒரு உண்மையும் இருந்தது. நான் அந்த வெற்றிடத்தை விரலால் அளந்து பார்த்தேன். என் அப்பா பேர், என் பேர், சிந்துஜா பேர்கூட அதில் பிடிக்கும்.

பிறகு தாள்களை எடுத்து வைத்தேன். ம. ஆண்டி, ம. பழனி. பெரட்டுக்களத்தைச் சொன்னேன், கணக்கப்பிள்ளையைச் சொன்னேன், நாற்பது வீட்டுக்கும் ஒரே பாட்டன் ஆன கதையைச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். தாள் கைமாறி கைமாறிப் போயிற்று.

"பொறவு ஒங்க தாத்தாவப் பெத்தவங்க யாரு?" என்றார் ஒருவர்.

"தெரியாதுங்க. மண்டபம் கேம்புல தாய் செத்த புள்ள. கங்காணி தூக்கிட்டுப் போய் வளத்தாரு. ஒங்க ஆளுகதான், வேத்தாள் இல்ல. எந்தக் கோயில்னு மட்டும் தெரியாது."

"பெத்தவன் பேரு தெரியாத எடத்துல எப்படிய்யா சம்பந்தம் பண்றது?"

பெண்கள் பக்கத்திலிருந்து செந்தாமரை எழுந்தாள். அந்த அம்மா பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "பொண்ணு எடுக்குறோம் மாமா, குடுக்கல. வந்து இங்க வெளக்கேத்துனா அவளுக்கு இதுதான் கோயிலு. எனக்குக் கட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் இது கோயிலா? நான் என்ன இங்கயா பொறந்தேன்?"

பெரியதனக்காரர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினார். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தேன். காதின் அடிமடல் தொங்கவே இல்லை, கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் அப்படியே. எனக்கும் அப்படித்தான், அப்பாவுக்கும். உலகத்தில் பாதிப் பேருக்கு அப்படி இருக்கும்.

சொல்லச் சொன்னார்கள். வரும் வழி முழுக்க ஒவ்வொரு வார்த்தையாக எடை போட்டு வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என் தாத்தா ஆண்டி, மருதமுத்து கங்காணிய அப்பான்னு கூப்பிட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. எங்க அப்பாவும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. பச்சைநாச்சி சாட்சி."

கையைத் தீயின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. தாத்தா சாகும்போது எனக்கு மூன்று வயது. அதை அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பெரியதனக்காரர் நோட்டை மூடினார்.

அழகேசன் கார் வரைக்கும் வந்தார். இருபது வருஷம் வெங்காயம் விற்றவர். வார்த்தையை நிறுக்கத் தெரியாதவர் இல்லை.

"நல்லாப் பேசுனீங்க சம்பந்தி" என்றார். கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாகக் குனிந்து, "சூதானமாப் பேசுனீங்க" என்றார். என் முகத்தை நான் பார்க்க முடியாது, அவர் பார்த்தார். பிறகு கையை உள்ளே நீட்டி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலிலேயே சிந்துஜா நின்றாள். "என்னாச்சுப்பா?"

"பதினஞ்சாம் தேதி நிச்சயம்."

கட்டிக்கொண்டு அழுதாள். கோமதி தயாளனுக்குப் போன் போட்டு, மாமா மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளாகச் சொல்லிவிட்டாள். கேட்டதாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நிச்சயத்துக்கு நூற்றைம்பது இலை. சமையல்காரரிடம் பேசியாயிற்று. ஊட்டிக் கிழங்கு மசியலுக்கு நானே மூட்டை ஒதுக்கி வைத்தேன்.

செப்டம்பர் 11, புதன்

பத்தரை மணிக்குப் புது நம்பரிலிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மூன்றாம் தடவையும் வந்து நின்றது. மண்டிக்காரன் எந்தப் போனையும் விடக்கூடாது, எவனுக்கு எங்கே சரக்கு வேண்டுமோ. நான் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு குறிப்பு. செல்லாயியின் மருமகள். "சார், நீங்க தனியா வருவீங்கன்னு அத்த பாத்துட்டே இருந்தாங்க. ஒடம்பு முடியல. அதான் உங்க தாத்தா விசயம் பேசி அனுப்பிருக்காங்க. கேளுங்க." கீழே குரல் பதிவு. இரண்டு நிமிடம் பதினாலு செகண்ட்.

ஏலம் போய்க்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போய், சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்றேன். பதிவை ஓட விடாமல் விரலை அதன்மேல் வைத்து அழுத்தியதும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. அழிக்க ஒரே ஒரு வழிதான் காட்டியது: 'எனக்கு மட்டும் நீக்கு.'

நீக்கினேன்.